வெறுங்கையாக இருக்கும் கோடைக்கு ஒரு சிறு ரம்பம்

எப்போதும்வென்றான் பக்கத்துக் கரிசலில் கடைசிப் பருத்தி எடுத்து, மார் பிடுங்கி அடுக்கிவிட்டால், அதன்பின் புரட்டாசி விதைப்பு வரை நிலத்தில் பெரிய வேலை இல்லை. கோடை மழை விழுந்தால் ஓர் உழவு, வசதிப்பட்டால் ஆட்டுக்கிடை, அவ்வளவுதான். வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரியில் வருடத்தில் பாதி நாள் இப்படித்தான் போகிறது. நூறு நாள் வேலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போனது போக, வெயில் தாழும் வரை திண்ணையில் உட்காரும் நேரம் எல்லா வீட்டிலும் உண்டு.

அதே கோடையில்தான் வரப்போரத்து மரங்களும் விலை போகின்றன. காற்றில் சாய்ந்த பூவரசு, பட்டுப்போன வேம்பு, உழவுக்கு இடைஞ்சல் என்று வெட்டிய மஞ்சணத்தி எல்லாமே விறகு விலைக்குத்தான் போகும். சீமைக்கருவேலம் நேராகக் கரிமூட்டத்துக்குப் போய்விடும். இந்த மரத்தில் ஒரு பலகையையும் அந்தத் திண்ணை நேரத்தில் ஒரு மணியையும் சேர்த்தால் நல்ல கைவேலை ஒன்று பழகலாம். மெல்லிய பலகையில் படம் வரைந்து, அதன் வளைவு நெளிவுகளை நூல் போன்ற பிளேடால் அறுத்தெடுக்கும் வேலை அது. கையால் அறுக்கும் கருவியை ஃப்ரெட் ரம்பம் என்றும், மோட்டார் வைத்ததை ஸ்க்ரோல் சா என்றும் கடைகளில் சொல்கிறார்கள்.

இதில் நமக்குப் பக்கத்திலேயே பெரிய கைகாரர்கள் இருக்கிறார்கள். மைசூரில் பல நிற மரங்களைச் சிறு சிறு துண்டுகளாக இப்படி அறுத்து, ஈட்டி மரப் பலகையில் குழி தோண்டிப் பதித்து, யானையும் தோப்புமாகப் படம் செய்கிறார்கள். அந்த வேலைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இங்கிலாந்தில் 1760-களில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர், நாடுகளின் படத்தைப் பலகையில் ஒட்டி எல்லைக்கோட்டின் வழியே அறுத்து, பிள்ளைகள் பூகோளம் படிக்க விற்றார். இன்று கடையில் கிடைக்கும் ஜிக்சா புதிர்களுக்கு முன்னோடி அதுதான்.

முதல் செலவு

“மிஷின் வாங்கலாமா?” என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. முதல் வருடம் வேண்டாம். சுமாரான ஸ்க்ரோல் சா மிஷினே பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். பயிர்க்கடன் வாங்கிய கையோடு அதில் ஒரு பங்கை இதற்குத் திருப்புவது, விதைப்பு நேரத்தில் உரத்துக்கு அலைய வைக்கும். கை ரம்பம் சில நூறு ரூபாயில் முடிகிற காரியம். கோடு பிசகாமல் அறுக்கக் கை பழகாதவருக்கு மிஷின் கொடுத்தால், பிசகு வேகமாக நடக்கும், வேறொன்றும் மாறாது.

ரம்பம் ‘ப’ வடிவச் சட்டமாக இருக்கும். பத்து, பன்னிரண்டு அங்குல ஆழமுள்ள சட்டம் நல்லது, பலகையின் நடுப்பகுதி வரை எட்டும். பிளேடு சுமார் 13 செ.மீ. நீளம். டஜன் கணக்கில் விற்பார்கள், எண் கூடக்கூடப் பல் பெரிதாகும். தொடக்கத்துக்கு 3 அல்லது 5-ஆம் எண் போதும். கடையில் கிடைக்காவிட்டால், நகைப் பட்டறைச் சாமான் விற்கும் இடத்தில் கேளுங்கள். பொன் வேலை செய்பவர்களின் ரம்பமும் இதே ஜாதிதான். அதன் சட்டம் ஆழம் குறைவு, பிளேடின் பல் பொடி. கையகலப் பொருள்கள் செய்ய அதுவே போதும்.

பிளேடு மாட்டும்போது பற்கள் கீழ்நோக்கி, கைப்பிடியைப் பார்த்து இருக்க வேண்டும். கீழே இழுக்கும்போதுதான் அது அறுக்கும். சட்டத்தைச் சற்று அழுத்திப் பிடித்து மாட்டினால் விறைப்பு வரும். விரலால் மீட்டினால் கம்பி போல ஒலிக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் வளைவில் முறியும்.

கூடவே ஒரு தாங்குபலகை வேண்டும். ஒரு சாண் அகலப் பலகையின் முனையில் ‘வி’ போல வெட்டி, அந்த முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பெஞ்சில் சி-கிளாம்ப் போட்டு இறுக்கினால் போதும். அறுக்கும் துண்டை அதன்மேல் வைத்து, அந்த வெட்டுக்குள் ரம்பம் ஏறி இறங்கட்டும். ரம்பம் செங்குத்தாக ஒரே இடத்தில் ஓட வேண்டும், திரும்ப வேண்டியது மரம். மூலை வந்தால் முன்னே தள்ளுவதை நிறுத்தி, நின்ற இடத்திலேயே ரம்பத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே மரத்தை மெல்லத் திருப்ப வேண்டும். முதல் வாரம் பிளேடுகள் முறிந்துகொண்டே இருக்கும். கோணல் இழுப்பும் அவசரமும்தான் காரணம். பிளேடில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொண்டால் ஓட்டம் இலகுவாகும்.

உள்ளே இருக்கும் துளைகளுக்கு முதலில் 2 மி.மீ. டிரில்லால் ஓட்டை போட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றி அதன் வழியே நுழைத்து மாட்டி அறுக்க வேண்டும். கோலம் அறுக்க ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூடிய கோட்டை முழுக்கச் சுற்றி அறுத்தால் நடுப்பகுதி தனியே விழுந்துவிடும். ஒவ்வொரு சுழிக்கும் இரண்டு இடத்திலாவது ‘பாலம்’ விட்டுத்தான் படம் வரைய வேண்டும்.

எழுத்திலும் இதே சிக்கல்தான். ‘ட’வும் ‘ப’வும் நேர்கோடு, முதல் நாளே வரும். ‘ஞ’, ‘ஐ’ எல்லாம் பிறகு. ஊர்ப் பெயரை அறுத்துத் திண்ணையில் மாட்டலாம் என்று எப்போதும்வென்றான்காரர் இறங்கினால் கதை வேறு. ஒற்றெழுத்தின் புள்ளிகள் நான்கு, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால்கள் என்று தனித்தனியாக எண்ணினால் 17 துண்டுகள். எல்லாவற்றையும் அடியில் ஒரு பட்டையோடு இணைத்து வரைய வேண்டும், அல்லது தனியே அறுத்து ஒரு பலகையில் ஒட்ட வேண்டும். ‘கயத்தாறு’க்காரருக்கு ஏழே துண்டுகள்.

எந்த மரம்?

பழக 4 மி.மீ. பிளைவுட் போதும். தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட துண்டுகளைக் கேட்டால் தருவார்கள். பிளைவுட்டின் பசை பிளேடைச் சீக்கிரம் மழுக்கும். கை பழகியதும் சொந்த மரத்துக்கு வந்துவிடலாம்.

மஞ்சணத்தி நல்ல மஞ்சள், அறுக்க இணக்கமானது. பூவரசின் வைரம் பாய்ந்த பகுதி கருஞ்சிவப்பாக, இழை நெருக்கமாக இருக்கும். இந்த வேலைக்கு இதைவிட நல்ல மரம் நம் வரப்பில் இல்லை. வேம்பு பூச்சியைத் தாங்கும், ஆனால் இழை முறுக்கிக் கிடப்பதால் ஓரம் பிசிறும். சீமைக்கருவேலத்தை நாம் வைதே பழகிவிட்டோம். அதன் சொந்தக்கார மரமான மெஸ்கீட்டில் அமெரிக்காவின் டெக்சாஸில் விலையுயர்ந்த மேசை நாற்காலி செய்கிறார்கள். காயும்போது எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே அளவு சுருங்குவதால் அது அதிகம் கோணாது. கை ரம்பத்துக்குக் கடினம்தான், பொறுமைசாலிகள் முயலலாம்.

பச்சை மரத்தை அறுத்துச் செய்த பொருள் அடுத்த மாதமே கோணிக்கொள்ளும். மர அறுவை மில்லில் அரை அங்குலத்துக்கும் குறைவான பலகைகளாக வாங்கி, நிழலில், ஒன்றுக்கொன்று குச்சி கொடுத்து அடுக்குங்கள். நம் ஊர் அனல் காற்றில் பலகையின் இரு முனைகளும் முதலில் வெடிக்கும். அங்கே பழைய பெயிண்ட்டையோ சாணியையோ பூசிவிட வேண்டும். வாரம் ஒருமுறை ஒரு பலகையை எடை போட்டுக் குறித்து வாருங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்தது என்று பொருள். பொடி வண்டு விழுவது பெரும்பாலும் வெளுப்புப் பகுதியில்தான், அதைக் கழித்துவிடுவது உத்தமம்.

கண்மாய்க் கரையிலும் புறம்போக்கிலும் நிற்கும் மரம் நம்முடையதன்று. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்தது. எப்படியும் பனஞ்சிராம்பு இந்த வேலைக்கு ஆகாது.

தூசியும் எண்ணெயும்

மரத்தூளைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. வாகை மரத்தூள் பட்டாலே பலருக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். காற்றோட்டமான தாழ்வாரத்தில், முகக்கவசம் போட்டு அறுங்கள். உப்புத்தாள் தேய்க்கும்போதுதான் தூசி அதிகம். ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

மினுமினுப்புக்கு நல்லெண்ணெய் தடவினால் சரியாகக் காயாது, பிசுபிசுத்துத் தூசி ஒட்டும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகும். ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். வீட்டுக்குள் பருத்தி அம்பாரம் கிடக்கிற ஊரில் இது விளையாட்டில்லை. துணியை விரித்து வெளியே காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவையுங்கள்.

விற்றுச் சம்பாதிக்கலாமா என்றால், பெயர்ப்பலகையும் சாவிக்கொத்தும் நகரத்து லேசர் மிஷினில் நிமிடக் கணக்கில் வெட்டி விழுகின்றன. அந்த விலைக்கு நம்மால் கொடுக்க முடியாது. வருமானம் என்று கணக்குப் போட்டு இறங்க வேண்டாம்.

வீட்டுப் பிள்ளைகளுக்கு என்றால், ஸ்பில்ஸ்பரி செய்ததையே செய்யலாம். தூத்துக்குடி மாவட்ட வரைபடத்தைப் பெரிதாக நகலெடுத்துப் பலகையில் ஒட்டி, பத்து வட்டங்களையும் எல்லைக்கோட்டில் அறுத்தெடுங்கள். உள்துளை கிடையாது, டிரில் வேண்டாம். கடலோர வளைவு மட்டும் கொஞ்சம் பொறுமை கேட்கும். விளாத்திகுளத்துக்கு மஞ்சணத்தி, ஒட்டப்பிடாரத்துக்குப் பூவரசு, எட்டயபுரத்துக்கு வேம்பு என்று மரத்தை மாற்றி அறுத்தால் சாயமே வேண்டியதில்லை. அப்போது மட்டும் படத்தின் நகலை வட்டம் வட்டமாக வெட்டி, அந்தந்த மரத்தில் ஒட்டி, கோட்டை ஒட்டி வெளிப்பக்கமாக அறுத்து, உப்புத்தாளால் கோடு வரை தேய்த்துப் பொருத்த வேண்டும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் துண்டுகள் வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும்.

புரட்டாசியில் மேகம் கூடியதும் ரம்பத்தைக் கட்டிவைக்க வேண்டியதுதான். மழைக்கால ஈரத்தில் பிளேடு துருப்பிடிக்கும். எண்ணெய் தடவிய காகிதத்தில் சுற்றி மூடியுள்ள டப்பாவில் போட்டு, சட்டத்தின் திருகுகளுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிடுங்கள். பலகை அடுக்கைச் சாரல் படாத இடத்துக்கு மாற்றினால், அடுத்த பங்குனிக்கு அது நன்றாகக் காய்ந்திருக்கும்.