பட்டிக்குப் புதுக் கடா

கொட்டியாரக் குடாவை அண்டிய கிண்ணியாவையும் மூதூரையும் வெளியூரார் பலர் சட்டித் தயிரால்தான் அறிந்திருக்கிறார்கள். அந்தத் தயிர் கெட்டியாக உறைவதற்குக் காரணம் எருமைப் பால். பசுப் பாலில் கொழுப்பு ஏறத்தாழ 4 சதவீதம். எருமைப் பாலில் அது 7 சதவீதமளவில் இருக்கும். தயிரைப் பற்றிப் பேசும்போது பாலையும் சட்டியையும் பேசுவோம், எருமையையும் பேசுவோம். கடாவைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆனால் பட்டியில் பிறக்கும் ஒவ்வொரு கன்றின் பரம்பரையலகுகளிலும் பாதி கடாவிடமிருந்து வருகிறது. முப்பது எருமைக்கு ஒரே கடா என்றால், அவ்வருடம் பிறக்கும் கன்றுகள் எல்லாவற்றுக்கும் தகப்பன் ஒன்றே.

இதில் சிக்கல் உடனே தெரிவதில்லை. எருமை சினைப்பட்டுக் கன்று ஈனப் பத்து மாதத்துக்குச் சற்று மேலாகும். அந்தக் கன்று நாகாகிச் சினைக்கு வர இன்னும் மூன்று வருடமளவில் செல்லும். எனவே ஒரு கடா பட்டிக்கு வந்து நான்காம், ஐந்தாம் வருடத்தில் அதன் சொந்த மகள்களே அதனிடம் சினைப்படத் தொடங்குகின்றன. கிழட்டுக் கடாவை விற்றுவிட்டு அதே பட்டியில் பிறந்த நாம்பனை வைத்துக்கொண்டாலும் கதை மாறாது. அது தன் சகோதரிகளோடுதான் சேரும். இதுவே உள்ளினவிருத்தி.

அதனால் என்ன கெடுகிறது? ஒவ்வொரு பரம்பரையலகுக்கும் விலங்கிடம் இரண்டு எதிருருக்கள் உண்டு. ஒன்று தாயுடையது, மற்றது தந்தையுடையது. தீங்கான எதிருருக்கள் பெரும்பாலும் பின்னிடைவானவை. அருகில் நல்ல எதிருரு ஒன்று இருந்தால் அவை வெளியே தெரிவதில்லை. ஒரு கடா அப்படியொரு தீய எதிருருவை மறைத்து வைத்திருக்கிறது என்று கொள்வோம். எருமைகளிடம் அது இல்லை. கடாவின் மகள்களில் பாதி அதைக் காவும், ஆனால் எல்லாமே நல்ல சுகமாக இருக்கும். அதே கடா அந்த மகள்களோடு சேர்ந்தால், காவியான ஒவ்வொரு மகளின் கன்றும் நோயோடு பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு. மகள்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் எட்டுக் கன்றுக்கு ஒன்று. இது ஒரேயொரு எதிருருவுக்கான கணக்கு. ஒரு விலங்கு மறைத்துக் காவும் தீய எதிருருக்கள் பல. அதே நாகுகளை அந்த எதிருரு இல்லாத, உறவற்ற கடாவோடு சேர்த்தால் நோயுற்ற கன்று ஒன்றும் பிறக்காது.

நடைமுறையில் முதலில் அடிபடுவது இனப்பெருக்க ஆற்றலும் கன்றின் உயிர்த்திடமும்தான். நாகு பிந்திச் சினைப்படும், கன்று மெலிந்து பிறக்கும், பால் குறையும். வரட்சி என்பார்கள், புல் இல்லை என்பார்கள், கண்ணூறு என்பவர்களும் உண்டு. வரட்சியும் நோயும் உண்மையான காரணங்களே. அவற்றைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் தீனி போட்டும் மருந்து கொடுத்தும் தேறாத பட்டியில், கடா எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும் கேட்க வேண்டும்.

இதைத் தாவரங்களில் பொறுமையாகச் சோதித்துக் காட்டியவர் சார்ள்ஸ் டார்வின். தன் மகரந்தத்தாலேயே சூல்கொண்ட செடிகளின் வித்துகளையும் வேறு செடியின் மகரந்தத்தால் வந்த வித்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்து அளந்து, 1876 இல் நூலாக வெளியிட்டார். அயல் மகரந்தத்தால் வந்தவையே பெரும்பாலும் உயரமாகவும் வளமாகவும் இருந்தன. அவர் மணந்தது தன் மாமன் மகளை. பத்துப் பிள்ளைகளில் மூவர் சிறு வயதிலேயே இறந்ததால், இந்த ஆய்வு அவருக்கு வெறும் தாவரவியலாக இருக்கவில்லை. எமது சமூகத்திலும் மாமி மகன், சாச்சா மகள் திருமணங்கள் உண்டு. மார்க்கம் அதற்கு அனுமதியளித்திருக்கிறது. மனிதரைப் பட்டியோடு ஒப்பிடுவது என் நோக்கமல்ல. ஆனால் பெற்றோர் ஒன்றை அறிந்திருப்பது நல்லது: எப்போதாவது நடக்கும் உறவுத் திருமணத்தின் ஆபத்துச் சிறியது, தலைமுறை தலைமுறையாக அது தொடர்வதும், தலசீமியா போன்ற நோய் குடும்பத்தில் இருக்க அது நடப்பதும் வேறு. திருமணத்துக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்தால் தலசீமியாக் காவியா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

புது இரத்தம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா பன்தர் நல்ல சாட்சி. 1990 களின் தொடக்கத்தில் அவற்றில் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியிருந்தன. வால் வளைந்திருந்தது, சிலவற்றின் இதயத்தில் துவாரம் இருந்தது, ஆண்களின் விதைகள் இறங்கவில்லை. 1995 இல் டெக்சசிலிருந்து எட்டுப் பெண் விலங்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அதன் பின் பிறந்தவற்றில் அக்குறைகள் வெகுவாகக் குறைந்தன. எண்ணிக்கையும் நூறைத் தாண்டியது.

இதைக் கேட்டதும் பலர் சீமை இனங்களைத் தேடப் புறப்படுவார்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். உறவற்ற இரத்தம் வேறு, வேற்று நாட்டு இரத்தம் வேறு. இந்தியாவின் முர்ரா, சுர்த்தி இனங்களும் பாகிஸ்தானின் நீலி ராவியும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு நாட்டெருமையோடு கலக்கப்பட்டுள்ளன. எமது நாட்டெருமை பார்வைக்குத் தென்கிழக்காசியச் சதுப்பு எருமை போலிருந்தாலும் அதன் நிறமூர்த்தங்கள் 50, முர்ராவுக்கும் 50. சதுப்பு எருமைக்கு 48. அதை முர்ராவோடு சேர்த்தால் பிறப்பது 49 கொண்ட கன்று. எமக்கு அந்தத் தொல்லை இல்லை. கலப்புக் கன்றுகள் பாலும் கூடுதலாகத் தருகின்றன. ஆனால் அதற்குத் தீனியும் பராமரிப்பும் கூடுதலாக வேண்டும். வெயிலில் மேய்ந்து சேற்றில் புரண்டு கிடைத்ததைத் தின்று வாழும் திறமை நாட்டெருமையுடையது. திறந்தவெளியில் மேயும் பட்டிக்கு முர்ரா இரத்தம் அளவோடு போதும் என்பதே என் கருத்து. சில வேளை அடுத்த ஊர்ப் பட்டியின் நல்ல நாட்டுக் கடாவே போதுமானது.

பயிர்களில் நிலைமை சற்று வேறு. நெல் தன் மகரந்தத்தாலேயே விளைவது; தலைமுறை தலைமுறையாக அப்படியே வந்ததால் தீய எதிருருக்கள் பெரும்பாலும் கழிந்துவிட்டன. அங்கே கலப்பது புதுக் குணம் ஒன்றைப் பெறுவதற்காக. பத்தலகொடவில் முருங்கக்காயன் 302 ஐயும் இந்தோனேசியாவின் மாஸ் நெல்லையும் கலந்து 1950 களில் உருவான எச்-4 அப்படிப்பட்டது. சோளமோ அயல் மகரந்தத்தை நம்பியது. ஒன்றிரண்டு கதிரிலிருந்து மட்டும் வருடாவருடம் விதை எடுத்தால் பயிர் குன்றிவிடும். பல செடிகளின் கதிர்களிலிருந்து எடுத்துக் கலக்க வேண்டும்.

ஆடு வளர்ப்போரிடம் இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. உழ்ஹிய்யாவுக்குக் குறையில்லாத, நன்கு வளர்ந்த கிடாயைத்தான் எல்லாரும் தேடுவார்கள்; நல்ல விலையும் கிடைக்கும். விற்றபின் வீட்டில் எஞ்சுவது வளர்ச்சி குன்றியது. அடுத்த வருடக் குட்டிகளுக்குத் தகப்பன் அதுதான். நல்ல கிடாய்களை விற்கலாம், ஆனால் அவற்றில் ஒன்றை உறவற்ற ஆடு வைத்திருக்கும் அயலவரின் கிடாயோடு மாற்றிக்கொள்ளலாம். இதற்குச் செலவில்லை.

எருமைக்குச் செயற்கை முறைச் சினைப்படுத்தலும் உண்டு; ஆனால் எருமையின் வேட்கை அறிகுறிகள் வெளியே தெளிவாகத் தெரியாததால் உரிய நேரம் தவறிவிடுகிறது. ஆகவே பட்டிக்காரர் கடாவையே நம்பியிருக்கிறார்கள். மூன்று நான்கு பட்டிக்காரர் சேர்ந்து, மூன்று வருடத்துக்கொரு முறை கடாக்களை வட்டமாக மாற்றிக்கொண்டால் எந்தக் கடாவும் தன் மகளைச் சந்திக்காது. எந்தக் கடா எந்த வருடம் எங்கே நின்றது என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். அந்த வேலையை வீட்டில் படிக்கும் பிள்ளை செய்யலாம். மாற்றுவதற்கு முன் கடாவைக் கால்நடை வைத்தியரிடம் காட்டிப் புருசெல்லா நோய்க்குப் பரிசோதிப்பது அவசியம். அந்த நோய் எருமையின் கருவைக் கலைப்பதோடு, காய்ச்சாத பால் வழியாக மனிதருக்கும் தொற்றும்.