மழை முதலில் நுழைவது மூலையில்!
பைபர் சிமெண்டு பலகை அடிப்போர் கவனத்துக்கு

மும்பையில் ஜூன் மாதம் பிடிக்கும் மழை, செப்டம்பர் வரை லேசில் விடாது. காற்றோடு சேர்ந்து அடிக்கும் மழை, சுவரில் எங்கே வழி என்று தேடும். பலகைச் சுவரில் அது முதலில் கண்டுபிடிக்கும் இடம், இரண்டு சுவர்கள் சந்திக்கும் வெளிமூலை. தண்ணீர் கசிந்தால் பழி பலகை அடித்தவர் மேல்தான். கூலியிலும் கை வைப்பார்கள்.

சிமெண்டு, மணல், மர நார் கலந்து செய்த பலகை இது. ஓடு வேய்வது போல ஒன்றின் மேல் ஒன்று சுமார் 32 மில்லி மீட்டர் படியும்படி அடிக்கிறார்கள்.

முதலில் மூலை

சுவரில் ஒட்டும் நீர்த்தடுப்புத் தாள், மூலையைச் சுற்றி இருபுறமும் ஓர் அடியாவது திரும்பியிருக்க வேண்டும். அதன் மேல் இரண்டு மூலைப்பலகைகளை நிறுத்துங்கள். சுவர்ப்பலகை அதற்குப் பிறகுதான்.

சுவர்ப்பலகை 8 மில்லி மீட்டர் கனம் என்றால், படியும் இடத்தில் 16 ஆகிவிடும். எனவே மூலைப்பலகை 25 மில்லி மீட்டர் கனம் இருப்பது நல்லது. இருபக்கமும் 100 மில்லி மீட்டர் அகலம் தெரிய வேண்டுமா? ஒரு பலகை 100, மற்றது 75. குறையும் 25-ஐ முதல் பலகையின் கனம் ஈடு செய்துவிடும்.

சுவர்ப்பலகையை மூலையோடு இறுக்கி முட்ட விடாதீர்கள். 3 மில்லி மீட்டர் இடைவெளி விட்டு, பெயிண்டு ஏற்கும் சீலண்டு பசையால் அடையுங்கள். சிமெண்டுப் பூச்சு வேண்டாம். வெயிலிலும் ஈரத்திலும் பலகை சற்று அசையும், பூச்சு வெடித்துவிடும். அறுத்த முனை தண்ணீரை உறிஞ்சும். ஆகவே பொருத்துமுன் அதற்கு பிரைமர் பூசுங்கள். துருப்பிடிக்காத ஆணியை, முனையிலிருந்து 10 மில்லி மீட்டராவது தள்ளி அடியுங்கள். தரைக்கும் பலகைக்கும் அரை அடி இடைவெளி இருக்கட்டும்.

சொந்த வீட்டில் மாடி அறை போடும் அலுவலக அன்பர்களே! பெயிண்டு அடிக்குமுன் மூலைகளை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பெயிண்டு ஏறிவிட்டால் குறை கண்ணுக்குத் தெரியாது.

நெஞ்சைக் காப்பாற்றுங்கள்

இந்தப் பலகையில் கல்நார் இல்லையே என்று அலட்சியம் வேண்டாம். மணலில் உள்ள சிலிக்கா, அறுக்கும்போது பொடியாகப் பறக்கும். அது நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் நோய் வரும். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது.

மூடிய அறையில் ரம்பம் ஓட்டாதீர்கள். வெட்டவெளியில், காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று, தண்ணீர் விட்டு அறுங்கள். கத்தியால் கீறி ஒடித்தால் தூசி மிகக் குறைவு. முகத்தில் கட்டும் துண்டு போதாது. என்-95 முகமூடி கேளுங்கள். விழுந்த தூசியை நனைத்த பிறகே பெருக்குங்கள்.

முகமூடி வாங்கித் தர மேஸ்திரி தயங்கினால், நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். ஊரில் பிள்ளைகள் எதிர்பார்ப்பது மணியார்டரை மட்டுமல்ல, உங்களையும்தான்.