எஃப்.ஐ.ஆருக்காகக் காத்திருக்காதீர்கள்

வெலிங்டன் பக்கம் ஓய்வுபெற்ற ராணுவக் குடும்பங்கள் அதிகம். தாங்கள் வாங்காத பொருளுக்கு கிரெடிட் கார்டில் பணம் போயிருந்தால், 'அடுத்த தடவை குன்னூர் போகும்போது பேங்கில் கேட்டுக்கலாம்' என்று இருந்துவிடுகிறார்கள். போனாலோ கவுன்டரில், "எஃப்.ஐ.ஆர். கொண்டு வாங்க சார்" என்கிறார்கள். ஸ்டேஷனுக்கும் பேங்குக்கும் அலைவதிலேயே ஒரு வாரம் ஓடிவிடுகிறது.

அந்த ஒரு வாரம்தான் முக்கியம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் செய்த மோசடி என்றால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் வங்கியிடம் சொல்லிவிட்டால் ஒரு பைசாகூட உங்கள் தலையில் விழாது. 4 முதல் 7 வேலை நாள் என்றால், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அதற்கு மேல் 25,000. ஏழைத் தாண்டினால் வங்கி வைத்ததுதான் சட்டம். தகவல் கைக்கு வந்த நாள் கணக்கில் சேராது. எஸ்டேட் பள்ளங்களில் சிக்னல் கிடைத்த பிறகுதான் எஸ்.எம்.எஸ். வரும், அதை அழிக்காதீர்கள்.

ஓ.டி.பி. சொல்லிவிட்டீர்களா? புகார் செய்யும் வரை நஷ்டம் உங்களுடையது, அதன்பின் போவது வங்கியுடையது. பிள்ளைகள் திட்டுவார்கள் என்று மறைக்க மறைக்க நஷ்டம் ஏறும்.

முதலில் கார்டின் பின்னால் உள்ள எண்ணுக்கு போன் செய்து கார்டை முடக்குங்கள். புகார் எண்ணை எழுதிவையுங்கள். அடுத்து சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. அன்றே வங்கிக்கு மின்னஞ்சல். கிளையில் கடிதம் கொடுத்தால் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். 'சீல் எதுக்கு சார், பார்த்துக்கிறோம்' என்பார்கள். சீல் வாங்காமல் திரும்பாதீர்கள். புகார் வந்த 10 வேலை நாளில் வங்கி தொகையை வரவு வைக்க வேண்டும், 90 நாளில் முடிக்க வேண்டும். தவறு உங்களுடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்கே.

இரண்டு முறை தேய்த்தது, 'இலவச' கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் போன்ற பில் கோளாறுகளுக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள்; 30 நாளில் ஆவணத்தோடு விளக்கம் தர வேண்டும். கோபத்தில் மொத்த பில்லையும் கட்டாமல் விடாதீர்கள், மீதித் தொகைக்கு வட்டி ஏறும்.

30 நாளில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். இணையத்தில் பதியலாம், சண்டிகர் செக்டார் 17-இல் உள்ள புகார் மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். கட்டணமோ வக்கீலோ தேவையில்லை. ஊட்டி நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் முடியாது. ஆம்புட்ஸ்மேன் முதலில் கேட்பது, வங்கிக்கு நீங்கள் எழுதிய புகாரின் தேதியை. வாயால் சொல்லிவிட்டு வந்தவர்களிடம் அது இருக்காது.