பழைய படகுக்குப் புத்துயிர்: அவசரப்பட்டுக் கயிற்றை இழுக்காதீர்!



"அப்பாவின் பழைய மோட்டார் படகு வீட்டுப் பின்புறம் கிடக்கிறது. சரிசெய்து ஓட்டலாமா, பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடலாமா?" எங்கள் கலந்துரையாடலில் எழுந்த இந்தக் கேள்விக்கு என் சொந்த அனுபவத்திலிருந்தே பதில் கூற விரும்புகிறேன்.

என் மாமா மறைந்த பிறகு, அவருடைய 14 அடி கண்ணாடியிழைப் படகு போர்ட் கிள்ளானில் ஏழு ஆண்டுகள் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அதன் பின்புறம் தொங்கும் அவுட்போர்டு இயந்திரத்தை நம் நாட்டு மீனவர்கள் 'எஞ்சின் சங்குட்' என்பார்கள். நானும் மாமா மகனும் செய்த முதல் காரியம், புதுப் பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்ததுதான். நீண்ட போராட்டத்திற்குப் பின் இயந்திரம் புகை கக்கி ஓடியது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை! மறுநாளே கடலுக்குப் போகத் திட்டமிட்டோம். ஆனால் சற்று நேரத்தில் கருகிய வாடை வந்தது.

பட்டறைக்காரர் பிரித்துப் பார்த்தார். குளிர்நீரை இழுத்துத் தரும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் சிதைந்திருந்தது. "தண்ணி இல்லாம ஓட்டினா இப்படித்தான் தம்பி" என்றவர், படகின் பின்பலகையைச் சுத்தியலால் தட்டினார். "இன்ஜின் ஓடுறது இருக்கட்டும். அதைத் தாங்குற பலகை உளுத்துப் போச்சே!"

பலகையே முதல்

கண்ணாடியிழை உளுக்காது என்று பலர் நம்புகின்றனர். ஆனால் பல படகுகளின் பின்பலகைக்குள் பிளைவுட் மரம் இருக்கிறது. திருகாணித் துளைகள் வழியே மழைநீர் இறங்கினால், வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும் உள்ளே மரம் கூழாகிவிடும். தட்டினால் கெட்டியான ஓசை வர வேண்டும். மந்தமாக ஒலித்தால் சந்தேகப்படுங்கள். இயந்திரத்தின் கீழ்ப்பகுதியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பலகையும் சேர்ந்து வளைந்தால் அது ஆபத்து. நடுக்கடலில் இயந்திரம் பலகையோடு பெயர்ந்து விழலாம்.

இதற்கு மேல்பூச்சு வைத்தியம் பலிக்காது. உள்பக்க இழையை வெட்டி, உளுத்த மரத்தை முழுவதும் அகற்றி, காய்ந்த பிறகு மரைன் பிளைவுட்டை எபாக்சி பசையால் ஒட்டி, மீண்டும் கண்ணாடியிழை போர்த்த வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். தரைக்கடியில் உள்ள தாங்குசட்டங்களும் உளுத்திருந்தால், செலவு படகின் விலையைத் தாண்டிவிடலாம்.

அடுத்து இயந்திரம்

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பலவந்தம் வேண்டாம். பிளக் துளையில் எண்ணெய் விட்டுச் சில நாள் பொறுங்கள். சுழன்றால், ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடு இருந்தால், காரணம் தெரியும்வரை காசைக் கொட்டாதீர்கள்.

பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். அதைக் கழுவிச் சுத்தம் செய்து, வெடித்த எரிபொருள் குழாய்களையும் மாற்றுங்கள். இம்பெல்லர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் புதிது போடுங்கள். கிடந்த ரப்பர் வளைவு இழந்து இறுகியிருக்கும். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள். சீல்களை மாற்ற வேண்டும்.

மாமாவுடையது போன்ற டூ ஸ்ட்ரோக் இயந்திரத்திற்கு பெட்ரோலில் கலக்கும் எண்ணெயே உயிர். 50க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். சில பழைய வகைகளுக்கு 25க்கு 1 தேவை. கையேட்டைப் பார்த்துக் கலக்குங்கள். மோட்டார் சைக்கிள் எண்ணெயை ஊற்றாதீர்கள்.

உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதையும் முன்பே விசாரியுங்கள். 1909இல் ஒலே எவின்ரூட் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய புகழ்பெற்ற எவின்ரூட் இயந்திரங்களின் தயாரிப்பே 2020இல் நிறுத்தப்பட்டது.

முதல் ஓட்டம்

இயந்திரத்தை நீர்த்தொட்டியில் நிறுத்தியோ, நீர்க்குழாய் பொருத்தியோதான் முடுக்க வேண்டும். பக்கவாட்டுச் சிறுதுளையில் நீர் பீய்ச்சவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தங்கித் தீப்பிடிக்கும். ஆகவே நன்றாகக் காற்றோட்டம் கொடுங்கள். உரிமம், பதிவு பற்றிக் கடல்துறை இலாகாவில் கேட்டறியுங்கள். முதல் நாள் கரையோரமாகவே ஓட்டுங்கள். உயிர்காப்பு அங்கி அணிந்து, இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை உடலில் மாட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் தவறி விழுந்தால் படகு தானாக நின்றுவிடும்.

மாமாவின் படகு மீண்டும் மிதக்க எங்களுக்கு எட்டு மாதம் ஆயிற்று. அன்று அந்த ரப்பர் சக்கரம் சிதையாமல் இருந்திருந்தால், உளுத்த பலகையோடு மறுநாளே கடலுக்குப் போயிருப்போம். கெட்டுப்போன அந்தச் சக்கரம்தான் எங்கள் இருவரையும் காப்பாற்றியது என்று இன்றும் நினைக்கிறேன்.

உங்கள் அப்பாவின் படகையும் அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள். அவசரப்பட்டு ஓட்டவும் செய்யாதீர்கள். முதலில் ஒரு சுத்தியலை எடுத்துத் தட்டிப் பாருங்கள்.