கட்டு எங்கே இருக்கிறது?

நிலத்தை விற்கப் பேசி, முன்பணமும் கைமாறிய பிறகுதான் பல வீடுகளில் அந்தக் கேள்வி வரும். வாங்குபவரின் வக்கீல் பழைய பத்திரங்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஏதோ ஒரு வரியில் விரலை வைப்பார். கோர்ட் டிகிரிப்படி பாகத்தில் கிடைத்த சொத்து என்று அதில் எழுதியிருக்கும். “அந்த டிகிரி காப்பி எங்கே?” என்பார். தாத்தா காலத்தில் தாவா நடந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கோர்ட், எந்த வருஷம், என்ன நம்பர் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

காப்பி வாங்குவது பெரிய வித்தை இல்லை. ஒரு மனு, அதற்கான கட்டணம், கொஞ்சம் பொறுமை போதும். ஆனால் நம்பர் இல்லாமல் நகல் பிரிவின் ஜன்னலுக்குப் போனால் அங்கிருப்பவர் எதுவும் செய்ய முடியாது. வழக்குகள் அங்கே பெயர்வாரியாக அடுக்கப்பட்டிருப்பதில்லை. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, ஒவ்வொரு நீதிமன்றமும் தன்னிடம் தாக்கலாகும் வழக்குகளை ஒரு பதிவேட்டில் ஆண்டுதோறும் புதிதாக எண்ணிட்டு வரிசையாகப் பதிகிறது. ஓ.எஸ். 112/1968 என்றால், அந்த நீதிமன்றத்தில் 1968-இல் பதிவான நூற்றுப் பன்னிரண்டாவது அசல் வழக்கு. அதே எண்ணில், அதே ஆண்டில், பக்கத்து ஊர் நீதிமன்றத்திலும் ஒரு வழக்கு இருந்திருக்கும். ஆகவே நீதிமன்றம், எண், ஆண்டு மூன்றும் சேர்ந்தால்தான் முகவரி முழுமையாகும்.

இந்த முகவரி பெரும்பாலும் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே கிடைத்துவிடும். சொத்து யாரிடமிருந்து எப்படி வந்தது என்று பத்திரத்தின் முன்பகுதியில் எழுதுவது வழக்கம்; அங்கே வழக்கு எண்ணைக் குறிப்பிட்டிருப்பார்கள். பழைய அழைப்பாணை, அமீனா ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸ், மறைந்துபோன வக்கீல் எழுதிய கடிதம், கோர்ட்டில் பணம் கட்டிய செலான் என எதிலும் அது இருக்கலாம். பங்காளிகள் வீட்டிலும் கேட்டுப் பார்ப்பது நல்லது. எதிர்க்கட்சிக்காரரின் பேரனிடம் பத்திரமாக இருக்கும் டிகிரி, ஜெயித்தவர் வீட்டில் காணாமல் போயிருப்பதுண்டு.

எண் எங்கும் அகப்படவில்லை என்றால், எந்த நீதிமன்றம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அசையாச் சொத்து பற்றிய வழக்கை அந்தச் சொத்து இருக்கும் எல்லைக்குரிய நீதிமன்றத்தில்தான் போட வேண்டும் என்பது பொது விதி. சொத்தின் மதிப்பைப் பொறுத்து அது மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், அதாவது ஊர்க்காரர்கள் சொல்லும் முன்சீப் கோர்ட்டாகவோ, சார்பு நீதிமன்றமாகவோ, மாவட்ட நீதிமன்றமாகவோ இருக்கும். சென்னையில் நகர உரிமையியல் நீதிமன்றமும், பெரிய தொகை என்றால் உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவும் உண்டு. அன்றைய எல்லையும் இன்றைய எல்லையும் ஒன்றில்லை என்பதையும் மறக்கக் கூடாது. 2019-இல் தென்காசி, திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதே ஆண்டில் கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களும் பிறந்தன. புதிதாக ஒரு நீதிமன்றம் திறக்கும்போது வழக்குகள் அங்கே மாற்றப்பட்டுப் புது எண் பெறுவதும் உண்டு. இன்றைய தாலுகாவை மட்டும் வைத்துத் தேடினால், வழக்குக் காகிதங்களின் கட்டு ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வேறொரு ஆவண அறையில் தூங்கிக்கொண்டிருக்கும்.

அண்மைக்கால வழக்கு என்றால் வேலை சுலபம். இ-கோர்ட்ஸ் தளத்திலோ அதன் செயலியிலோ மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற 16 இலக்கக் குறியீடு உண்டு. தமிழ்நாட்டு வழக்கென்றால் மாநிலத்தின் இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கி, வழக்குப் பதிவான ஆண்டில் முடியும். அதைக் குறித்து வைத்துக்கொண்டால் வாய்தா தேதியிலிருந்து தீர்ப்பு வரை எல்லாம் அதிலேயே தெரியும். பெயரில்தான் சிக்கல். சண்முகசுந்தரம் ஒருவர்தான், ஆனால் ஆங்கிலத்தில் அவருக்கு நாலைந்து எழுத்துக்கூட்டல். முழுப்பெயரை அடித்து, ஒன்றுமில்லை என்று வந்ததும் நிம்மதியாகப் போய்விடுபவர்கள் அதிகம். பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் கொடுத்து, விதவிதமாக மாற்றிப் பார்ப்பதே புத்திசாலித்தனம். கணினி வருவதற்கு முன்பே முடிந்துபோன வழக்குகளை அங்கே தேடுவது பெரும்பாலும் வீண். அந்தத் தளத்திலிருந்து எடுக்கும் அச்சுப்பிரதி தகவலுக்கு உதவும். சான்றிட்ட நகலின் இடத்தை அது பிடிக்காது.

கணினி கைவிட்டால் பதிவேடுதான். தேடுதல் மனு போட்டு, கட்டணம் கட்டி, குறிப்பிட்ட ஆண்டுகளின் வழக்குப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்கலாம். இங்கேதான் வக்கீல் குமாஸ்தாவின் அருமை தெரியும். எந்த ஆண்டுக் கட்டு எந்த அறையில், எந்த எழுத்தரைப் பார்க்க வேண்டும் என்பது சட்டப் புத்தகத்தில் இருப்பதில்லை. முப்பது வருஷமாகக் கோர்ட் வராந்தாவில் நடப்பவருக்குத் தெரியும்.

எண் கிடைத்ததும் நகல் மனு. எதன் நகல் வேண்டும் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். வழக்கின் நகல் என்று பொதுவாகக் கேட்டால் மனு திரும்பி வரும். வழக்குரை, எதிருரை, சாட்சியம், சான்றாவணங்கள், ஆணையர் அறிக்கை, தீர்ப்புரை, டிகிரி எனப்படும் தீர்ப்பாணை ஒவ்வொன்றும் தனி. தீர்ப்புரையில் நீதிபதி ஏன் அந்த முடிவுக்கு வந்தார் என்பது இருக்கும். யாருக்கு என்ன கிடைத்தது என்பதும், நான்கெல்லைகளோடு கூடிய சொத்துத் தபசிலும் தீர்ப்பாணையில் இருக்கும். சொத்து விவகாரத்தில் தீர்ப்புரையை மட்டும் வாங்கிக்கொண்டு வருவது பாதிக் கிணறு. பாகப்பிரிவினை வழக்கில் இன்னொரு படியும் உண்டு. முதல்நிலைத் தீர்ப்பாணை யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் சொல்லும். எந்தத் துண்டு யாருக்கு என்று பிரிப்பது இறுதித் தீர்ப்பாணை. முதல்நிலையோடு நின்று, வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்ட குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் எவ்வளவு தேடினாலும் இறுதித் தீர்ப்பாணை கிடைக்காது, ஏனென்றால் அப்படி ஒன்று பிறக்கவே இல்லை.

கையில் வந்த நகலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், முத்திரைக்குள் வரிசையாகச் சில தேதிகள் இருக்கும்: மனு தாக்கலான நாள், முத்திரைத்தாள் கேட்கப்பட்ட நாள், அது கட்டப்பட்ட நாள், நகல் தயாரான நாள், வழங்கப்பட்ட நாள். ஏதோ அலுவலகக் குறிப்பு என்று யாரும் அதைப் படிப்பதில்லை. மேல்முறையீடு செய்பவருக்கோ உயிர்நாடியே அதுதான். மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு என்றால் கெடு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட நாட்களை இந்தக் கெடுவிலிருந்து கழித்துவிடுகிறது. அந்தக் கணக்கு மனு போட்ட நாளிலிருந்துதான் தொடங்கும். தீர்ப்பாணை தயாராகட்டும், பிறகு மனு போடலாம் என்று காத்திருந்த நாட்கள் கழியாது. முத்திரைத்தாள் கேட்டுப் பலகையில் ஒட்டியதைப் பார்க்காமல் விட்டால், அந்தத் தாமதமும் மனுதாரர் தலையில்தான்.

வழக்கில் சம்பந்தப்படாதவர் நகல் கேட்கலாமா? கேட்கலாம். எதற்காக வேண்டும், தனக்கு அதில் என்ன அக்கறை என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லி, நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். சொத்து வாங்கப் போகிறவர் சொல்லும் காரணம் வலுவானதே. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது சொத்தை வாங்கினால், வரப்போகும் தீர்ப்பு வாங்கியவரையும் கட்டுப்படுத்தும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. நிலுவை வழக்கு வில்லங்கச் சான்றில் தெரியாமல் போக நிறையவே வாய்ப்புண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி வாங்கிவிடலாம் என்று சிலர் முயல்வார்கள். குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது: நீதிமன்றத்துக்கென விதிகள் இருக்கும்போது, வழக்கு ஆவணங்களின் நகலை அந்த விதிகளின்படிதான் பெற வேண்டும்.

இந்தக் கட்டுகளில் இருப்பது நிலக்கணக்கு மட்டும் அல்ல. 1897-இல் கமுதி கோயிலில் நாடார்கள் நுழைந்ததைத் தொடர்ந்து எழுந்த வழக்கு, மதுரைச் சார்பு நீதிமன்றத்தில் தொடங்கி 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் முடிந்தது. அது ஓர் உரிமையியல் வழக்கு. அன்றைய தென்மாவட்டச் சமூகத்தை ஆராய்பவர்கள் இன்றும் அந்த வழக்குக்குத் திரும்பிப் போகிறார்கள்.

ஆனால் எல்லாக் காகிதங்களும் அவ்வளவு காலம் தங்குவதில்லை. 1917-ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றங்கள் வகுக்கும் விதிகளின்படி, கெடு முடிந்த காகிதங்களை அழிக்கிறார்கள். தீர்ப்புரைக்கும் தீர்ப்பாணைக்கும் ஆயுள் அதிகம், மற்றவற்றுக்குக் குறைவு. இதில் பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. சாட்சியமாகத் தாக்கல் செய்த மூலப் பத்திரங்கள் அந்தக் கட்டுக்குள்ளேயே கிடக்கும். மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் மனு போட்டு அவற்றைத் திரும்பப் பெறலாம். ஜெயித்த சந்தோஷத்திலோ தோற்ற வருத்தத்திலோ அதைச் செய்யாமல் விட்டவர்களின் கிரயப் பத்திரங்கள், வா.சா.ஆ.1, வா.சா.ஆ.2 (வாதி சான்றாவணம்) என்ற முத்திரையோடு ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கின்றன.

தேடிப் போகும்போது கட்டு அழிக்கப்பட்டுவிட்டது அல்லது கிடைக்கவில்லை என்று தெரிந்தால், வாய்மொழிப் பதிலோடு திரும்பி வரக் கூடாது. நகல் மனுவிலேயே அதை எழுத்தில் மேற்குறிப்பாகப் பெற வேண்டும். மூல ஆவணம் அழிந்துபோனால் இரண்டாம் நிலைச் சான்றை ஏற்கலாம் என்கிறது 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 60-ஆம் பிரிவு. எப்போதோ வாங்கி வைத்த பழைய நகலையோ ஜெராக்ஸையோ நீதிமன்றத்தின் முன் வைக்கும் நாளில், மூலம் இல்லை என்பதைக் காட்ட அந்த மேற்குறிப்பு கைகொடுக்கும்.