நாய் உண்பது உணவில்லையா?

புதுதில்லி:
உணவுக் கலப்படத்தையும் தரக்குறைவையும் தடுக்க நாடாளுமன்றம் 2006ஆம் ஆண்டில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தை நிறைவேற்றியது. உணவு என்றால் எது என்று விளக்கும் பிரிவிலேயே, விலங்குத் தீவனம் அதில் சேராது என்று அச்சட்டம் ஒதுக்கிவிட்டது. மனிதர் உண்பதைப் பாதுகாக்க எழுதப்பட்ட சட்டம் என்ற வகையில் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால், வளர்ப்பு நாய்க்கென்று பையில் அடைத்து விற்கப்படும் உணவும் இந்த விலக்கில் அடங்கிவிடுகிறது. மளிகைக் கடையில் பருப்புக்கு மாதிரி எடுக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குப் பக்கத்து அடுக்கில் இருக்கும் நாய் உணவின் மீது இச்சட்டப்படி அதிகாரம் கிடையாது.

தலைநகரில் எழுதப்பட்ட இந்த வரையறை கேரளத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்கள் வரை செல்லுபடியாகும். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் உரிமை கோரிய நெய்யாற்றின்கரையோ கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளையில் கோடு விழுந்தது. இருபுறத்து அடுப்படிகளும் அதற்காக மாறிவிடவில்லை. சோறு, மரச்சீனிக் கிழங்கு, சாளை மீன். வீட்டு நாய்க்கும் இவற்றில் மிஞ்சியதே நெடுங்கால உணவு.

மிச்சச் சோற்றை இழிவாகக் கருத வேண்டியதில்லை. மனிதரோடு வாழத் தொடங்கிய காலத்தில் நாய் மாவுச்சத்தைச் செரிக்கும் ஆற்றலைப் பெற்றுக்கொண்டது. அதற்கான மரபணுப் படிகள் ஓநாயைக் காட்டிலும் நாயிடம் பல மடங்கு இருப்பதை 2013இல் வெளியான சுவீடன் ஆய்வு காட்டியது. சிக்கல் சோற்றில் அன்று, சோறு மட்டுமே என்பதில்தான். சோற்றிலும் கிழங்கிலும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. அவற்றை மட்டுமே தின்று வளரும் குட்டியின் எலும்புகள் வலுவிழக்கின்றன. இதற்கு மாற்றாகக் கருதி வெறும் இறைச்சியை மட்டும் போடுவோரும் உண்டு. இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு மிகக் குறைவு. எனவே குட்டியின் உடல் தன் எலும்பையே கரைத்து ஈடுகட்டுகிறது. கோழிக்கடையின் பச்சைக் கழிவு சால்மோனெல்லா கிருமியைக் கொண்டுவரும். வெந்த கோழி எலும்போ கூராகப் பிளந்து குடலைக் குத்தும். பலர் அறியாத இன்னொன்று உள்ளி. உள்ளி அரைத்த மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்து வைப்பது அன்பால்தான். ஆனால் அது சிறிது சிறிதாக நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கிறது.

அளவும் முக்கியம். 48 லாப்ரடார் நாய்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான நீண்டகால ஆய்வில், நான்கில் ஒரு பங்கு குறைவாக உண்ட நாய்கள் மற்றவற்றைவிட ஏறத்தாழ 1.8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன.

இத்தனையும் வீட்டார் திருத்திக்கொள்ளக் கூடியவை. கண்ணுக்குத் தெரியாத கேடு ஒன்று உண்டு: பூஞ்சை நஞ்சு. மக்காச்சோளமும் நிலக்கடலைப் பிண்ணாக்கும் ஈரத்தில் பூசணம் பிடித்தால் அஃப்ளடாக்சின் உருவாகிறது. சமைத்தாலும் இது முழுமையாக அழிவதில்லை. நேரே கல்லீரலைத் தாக்குகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்யும் எல்லைப் பகுதியில், வாய் திறந்த சாக்கிலிருந்து நிறுத்து வாங்கும் நாய் உணவு எத்தனை நாள் ஈரக்காற்றில் இருந்தது என்பதை வாங்குபவர் எப்படி அறிவார்?

இந்த நஞ்சு என்ன செய்யும் என்பதை இந்தியா ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1974ஆம் ஆண்டின் இறுதியில், ராஜஸ்தானின் பன்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் ஆகிய அண்டை மாவட்டங்களில் பழங்குடி மக்களிடையே மஞ்சள் காமாலை பரவியது. பருவம் தப்பிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தவிர அம்மக்களுக்கு வேறு உணவு இல்லை. 397 பேர் பாதிக்கப்பட்டு 106 பேர் இறந்ததாக ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் பதிவு செய்தனர். அதே வீடுகளில் அதே சோளத்தைத் தின்ற நாய்களும் அதே நோயால் மாண்டன. தொற்றுக் கிருமி அன்று, உணவே காரணம் என்ற முடிவுக்கு அது வலுச் சேர்த்தது. மனித உணவும் நாய் உணவும் வெவ்வேறு என்று சட்டம் பிரித்தாலும் பூஞ்சை பிரிப்பதில்லை.

வளர்ந்த நாடுகளும் தப்பவில்லை. 2007இல் வட அமெரிக்காவில் மெலமைன் கலந்த கோதுமைப் புரதத்தால் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. மறு ஆண்டே சீனத்தில் அதே மெலமைன் குழந்தைகளின் பால்மாவில் வெளிப்பட்டது. 2021இன் தொடக்கத்தில், அஃப்ளடாக்சின் மிகுந்த உணவோடு தொடர்புடையதாக 110க்கும் மேற்பட்ட நாய்களின் இறப்புகள் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்தன. அங்கே சந்தையிலிருந்து பைகள் திரும்பப் பெறப்பட்டன.

இங்கே வரி மட்டும் தவறவில்லை. 2017இல் ஜிஎஸ்டி வகுக்கப்பட்டபோது மாட்டுத் தீவனத்துக்கு வரிவிலக்கு அளித்த அரசு, பையில் அடைத்த நாய் உணவுக்கு 18 சதவீதம் விதித்தது.

நாய் திடீரெனத் தீனியை மறுத்து, வாந்தியெடுத்து, ஈறும் கண்ணும் மஞ்சளித்தால் உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அதுவரை போட்டுவந்த தீனியை நிறுத்திவிட்டு, அதன் பையையும் வீசிவிடாமல் மருத்துவரிடம் காட்டுவது நோயின் காரணத்தைக் கண்டறிய உதவும்.