வீட்டு மின் கட்டணம் தவறாக வந்தால்... 20 நாட்களுக்குள் செய்ய வேண்டியவை

பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். அதனால் பல விவசாயக் குடும்பங்கள் மின் கட்டணம் கட்டுவது வீட்டு மீட்டருக்கு மட்டும்தான். இரண்டு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் வந்த வீட்டில் திடீரென்று ஆறாயிரம் என்று குறுஞ்செய்தி வந்தால், தேங்காய் விற்ற காசு அப்படியே போய்விடும். கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள், கட்டிவிட்டால் பணம் திரும்பாது என்ற பயத்தில் பலரும் கடன் வாங்கியாவது கட்டிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. கணக்கெடுத்த நாளில் இருந்து பணம் கட்டக் கிடைக்கும் 20 நாட்களுக்குள் அந்த வழியில் இறங்க வேண்டும்.

முதலில் ரீடிங்

பிரிவு அலுவலகத்தில் போய் "பில் அதிகம்" என்று மட்டும் சொன்னால் வேலை நடக்காது. எத்தனை யூனிட், எத்தனை நாளுக்கு என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். வெள்ளை அட்டையில் கணக்கீட்டாளர் எழதிய ரீடிங்கையும், குறுஞ்செய்தியில் வந்த ரீடிங்கையும், மீட்டரில் இன்று ஓடும் எண்ணையும் ஒப்பிட வேண்டும். பில்லில் உள்ள எண் மீட்டரில் இன்று காட்டும் எண்ணைவிடக் கூடுதலாக இருந்தால், ரீடிங் தவறு என்பது அங்கேயே தெரிந்துவிடும். மீட்டரைத் தேதி தெரியும்படி செல்போனில் படம் எடுத்து வைப்பது நல்ல சாட்சி.

பூட்டிய வீடும் தள்ளிப்போன கணக்கெடுப்பும்

சேத்தூர், தேவதானம், மம்சாபுரம், செண்பகத்தோப்புப் பக்கம் மா சீசனில் குடும்பமே தோப்புக் காவலுக்குப் போய்விடும். ராஜபாளையம் மில்லுக்கு ஷிப்டு வேலைக்குப் போகிற வீடுகளும் பகலில் பூட்டியே கிடக்கும். கணக்கீட்டாளர் வந்து பார்த்துவிட்டு, கதவு பூட்டு என்று குறித்துப் போவார். அடுத்த முறை நான்கு மாத யூனிட் மொத்தமாக வரும்.

சிக்கல் இங்கேதான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2016 மே மாதம் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 500 யூனிட்டுக்குள் இருந்தால் ஒரு விலைப் பட்டியல், அதைத் தாண்டினால் கூடுதலான இன்னொரு பட்டியல். நான்கு மாதத்தில் 640 யூனிட் ஓடியிருந்தால், 320, 320 என்று இரண்டாகப் பிரித்து இரண்டு முறை 100 யூனிட்டைக் கழிக்க வேண்டும். 640ஐயும் ஒரே தவணையாகப் போட்டால் ஒரு 100 யூனிட் சலுகை போகும். 500ஐத் தாண்டிய விலையும் விழும்.

2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் தமிழ்நாடு முழுக்க இதே கேள்வி எழுந்தது. ரீடிங் எடுக்க முடியாததால், முந்தைய தவணைத் தொகையையே கட்டச் சொன்னது மின்வாரியம். பிறகு நான்கு மாத யூனிட்டை இரண்டாகப் பிரித்துக் கணக்கிட்டு, ஏற்கெனவே கட்டிய தொகையைக் கழித்தது. இந்த முறையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கு, அந்த ஆண்டு ஜூலையில் தள்ளுபடி ஆனது. அன்று எல்லா வீட்டுக்கும் செய்த அதே பிரிப்பை, பூட்டிக் கிடந்த வீட்டுக்காரரும் மனுவில் கேட்கலாம்.

கணக்கெடுப்பு தாமதமானாலும் இதே நஷ்டம்தான். நாளுக்கு 7 யூனிட் செலவாகும் வீட்டில் 60 நாளுக்கு 420 யூனிட். 75ஆம் நாள் வந்து எடுத்தால் 525 யூனிட். செலவு கூடவில்லை; ஆனால் விலைப் பட்டியல் மாறிவிடுகிறது. எனவே இரண்டு ரீடிங் தேதிகளுக்கும் நடுவில் உள்ள நாட்களை எண்ணிப் பார்ப்பது அவசியம்.

மீட்டர் சரியா? வீட்டிலேயே ஒரு சோதனை

ரீடிங்கும் நாளும் சரியாக இருந்தால் அடுத்தது மீட்டர். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் மீட்டரின் சிவப்பு விளக்கு தொடர்ந்து மினுக்கினால், மீட்டரிலோ மெயினுக்கு முந்தைய இணைப்பிலோ கோளாறு இருக்கலாம். மெயின் போட்டு, எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளையும் கழற்றிய பின் மினுக்கினால் வீட்டு வயரிங்கில் கசிவு இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், 1000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு மட்டும் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 53 முறை விளக்கு மினுக்க வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் இதுவும் குறையும். இதைவிட மிக அதிகமாக மினுக்கினால் மீட்டர் மீது சந்தேகப்படலாம். ராடு ஓடும்போது தண்ணீரில் கை வைக்கக் கூடாது.

எல்லா உயர்வும் தவறு அல்ல. கோடையில் போர்வெல் தண்ணீர் இறங்கி, வீட்டுக்கான 1 எச்.பி. மோட்டார் தினமும் 3 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் 130 யூனிட்டுக்கு மேல் அதுவே இழுத்துவிடும். மனு எழுதும் முன் இதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

மீட்டர் பழுது என்று தெரிந்தால், அந்தக் காலத்துக்கான யூனிட்டை முந்தைய 4 மாத சராசரியை வைத்துக் கணக்கிட வேண்டும் என்கிறது தமிழ்நாடு மின்சார வழங்கல் விதித்தொகுப்பு, 2004. மீட்டர் கூடுதலாக ஓடுகிறது என்று புகார் கொடுத்தால், 5 நாட்களுக்குள் பக்கத்தில் இன்னொரு மீட்டர் பொருத்தி, குறைந்தது 3 மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் திருத்தம் வந்திருக்கிறது.

இணைப்பு போகாமல் காக்கும் வழி

மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56இன் படி, கட்டணம் கட்டாதவருக்கு 15 முழு நாட்கள் எழுத்து மூலம் அவகாசம் கொடுத்த பிறகே இணைப்பைத் துண்டிக்கலாம். கேட்ட தொகை அல்லது முந்தைய 6 மாத சராசரிக் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதை "ஆட்சேபத்துடன்" செலுத்திவிட்டால், தகராறு தீரும் வரை துண்டிக்கக் கூடாது. முந்தைய மூன்று தவணைகள் 900, 1,050, 1,050 ரூபாய் என்றால் சராசரி 1,000 ரூபாய். 6,400 ரூபாய் கேட்டு வந்தாலும் இந்த 1,000 ரூபாயைக் கட்டி, ரசீது வாங்கி, மனுவுடன் இணைக்க வேண்டும்.

தணிக்கையில் கண்டுபிடித்தோம் என்று பழைய பாக்கி வந்தாலும் பதற வேண்டாம். பாக்கி முதலில் கட்டவேண்டியதாகி 2 ஆண்டு கடந்துவிட்டால், தொடர்ந்து பில்லில் காட்டி வந்த பாக்கியாக இருந்தால் ஒழிய, அதற்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் வேறு வழிகளில் வசூலிக்க அந்தத் தீர்ப்பு தடை சொல்லவில்லை.

மனு போகும் படிகள்

1. பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்து மூலம் மனு. நகலில் தேதியும் முத்திரையும் வாங்க வேண்டும். மின்னகம் 94987 94987 எண்ணிலும் புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

2. பலன் இல்லையென்றால் செயற்பொறியாளர். கோட்ட அளவில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மேற்பார்வைப் பொறியாளரிடமே நேரில் கொடுக்கலாம். கூட்ட நாள் நாளிதழ்களில் வரும்.

3. விருதுநகர் மின் பகிர்மான வட்டத்தின் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம்.

4. மன்றத்தின் உத்தரவு திருப்தி இல்லையென்றால், 30 நாட்களுக்குள் சென்னையில் உள்ள மின்குறை தீர்ப்பாளரிடம் மேல்முறையீடு.

இன்னொரு வழியும் பக்கத்திலேயே இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் செயல்படுகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: இலவச பம்புசெட் இணைப்பில் இருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுத்தால் அது பிரிவு 126இன் கீழ் முறைகேடு. இரண்டு மடங்கு கட்டணம் விதிப்பார்கள். இப்படிப்பட்ட வழக்குகளை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பலருக்கும் வரும் சந்தேகம்

கேள்வி: இணைப்பு காலமான அப்பா பெயரில் இருக்கிறது. மகன் மனு கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். இணைப்பு உள்ள வீட்டில் இருப்பவரும் சட்டப்படி நுகர்வோரே. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகல்களை இணைப்பது நல்லது. கையோடு பெயர் மாற்றத்துக்கும் விண்ணப்பித்துவிட்டால் அடுத்த முறை சிரமம் இருக்காது.

மனு மாதிரி

"ஐயா, எனது மின் இணைப்பு எண் ......... . கடந்த மூன்று தவணைகளில் முறையே ...., ...., .... யூனிட் பதிவானது. ...... தேதி கணக்கெடுப்பில் ....... யூனிட் என்று வந்துள்ளது. இன்று மீட்டரில் உள்ள எண் ....... . முந்தைய கணக்கெடுப்பில் இருந்து ...... நாட்கள் ஆகியுள்ளன. ரீடிங்கையும் மீட்டரையும் சரிபார்த்து, திருத்திய கட்டணம் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56(1)இன் படி, 6 மாத சராசரித் தொகை ரூ. ....... ஆட்சேபத்துடன் செலுத்தியுள்ளேன். முடிவு தெரியும் வரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம். இணைப்பு: ரசீது, வெள்ளை அட்டை நகல், மீட்டர் படம்."